மென்சருமமும் தாடி கத்தரிக்கும் கருவியும்



முகத்தில் வளரும் மயிரைச் செப்பஞ் செய்தல் ஆண்மக்களின் அன்றாடக் கருமங்களுள் ஒன்று. அதனைப் பேசத்தக்க பொருளாகக் கொள்வோர் மிகச் சிலரே. ஆயினும், சவரம் செய்த மறுநாளே கழுத்திலும் நாடியின் கீழும் செம்புள்ளிகள் எழுந்து, எரிந்து, சில வேளைகளிற் சீழ்கட்டி வருந்துவோருக்கு அது சிறு கருமம் அன்று. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞனும், நாள்தோறும் நாற்பது மாணவர் முன் நிற்கும் ஆசிரியனும் தம் முகத்தைக் கையால் மறைத்துக்கொள்ள விரும்பும் நிலையை யான் பாடசாலையிற் கண்டிருக்கிறேன். இத்தகையோருக்கு உதவ வந்ததே, கடைகளில் "டிரிமர்" என வழங்கும் தாடி கத்தரிக்கும் மின்கருவி. ஆயின், எதனை வாங்குவது, வாங்கியதை எங்ஙனம் நெடுநாள் பேணுவது என்பன தெரியாமையால், பணமும் போய் முகமும் புண்ணாவதுண்டு. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியினை இன்று ஆராய்வோம்.

முதலில், நோயின் காரணத்தை அறிதல் வேண்டும். நமது தோலின் மேற்படை மிக மெல்லியது. முகத்தில் அது ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அல்லது அதனினுஞ் சற்றுக் கூடிய தடிப்பே உடையது. சவரக்கத்தி மயிரை மட்டுமன்றி இப்படையையும் சிறிது சுரண்டியே செல்கிறது. அழுத்திச் சவரஞ் செய்யும்போதும், மயிர் வளரும் திசைக்கு எதிராகச் செய்யும்போதும் இச்சுரண்டல் மிகும். மேலும், கத்தியானது மயிரைத் தோலின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ வெட்டிவிடுகிறது. நேரான மயிராயின் அதனாற் பெருந்தீங்கில்லை. சுருண்ட மயிராயின், கூர்மையாக வெட்டுண்ட அதன் முனை மீண்டும் வளைந்து தோலினுள்ளே புகுகிறது. உடல் அதனை ஒரு முள்ளாகவே கருதுகிறது. ஆகவே அவ்விடம் சிவந்து வீங்குகிறது. பலர் பருவென்று எண்ணிக் களிம்பு பூசுவது பெரும்பாலும் இதனையே. சுருட்டை மயிருடைய ஆபிரிக்க வழியினரை இந்நோய் மிகுதியாக வருத்துகிறது. ஐக்கிய அமெரிக்கப் படைகளில் இதன் பொருட்டு மருத்துவச் சான்றின்மேற் சவர விலக்கு அளிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து, 2025ஆம் ஆண்டில் இறுக்கப்பட்டமை பலரும் அறிந்த செய்தி. நம்மவரிலும் சுருட்டை மயிருடையோர்க்கு இவ்வருத்தம் உண்டு.

இதற்குரிய எளிய மருந்து, மயிரைத் தோலின் மட்டத்திற்கு வெட்டாது விடுதலே. ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மயிர் மிஞ்சியிருப்பின் அது வளைந்து தோலினுட் புகுதல் அரிது. தாடி மயிர் ஒரு நாளில் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு வரையில் வளர்கிறது. ஆகையால், மூன்று நாட்களுக்கு ஒரு முறை கத்தரித்தால் முகம் ஒழுங்காகவே தோன்றும். மழுங்கச் சிரைத்த முகமே ஒழுக்கத்தின் அடையாளம் என்னும் எண்ணம் நமது பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஊறியிருக்கிறது. தோலின் நலத்தைக் கருதி ஒரு மில்லிமீற்றர் மயிரைச் சீராக விட்டு வருபவனைச் சோம்பேறி என்று கடிவது நியாயமாகாது என்பதையும் இவ்விடத்திற் சொல்லி வைக்கிறேன்.

இனி, கருவியின் அமைப்பினைப் பார்ப்போம். கையிற் பிடிக்கத்தக்க மின்காந்தக் கத்தரிப்புக் கருவிக்கு அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தவரான லியோ வால் என்பவர் 1919ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அன்று தொடங்கி இன்றுவரை அடிப்படை ஒன்றே. சீப்புப் போன்ற பற்களையுடைய இரண்டு அலகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். கீழலகு அசையாது தோலின்மேற் படிந்து நிற்கும். மேலலகு இடமும் வலமும் விரைந்தோடும். பற்களுக்கிடையில் வந்த மயிர் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல வெட்டுண்ணும். ஆகவே தோலைத் தொடுவது வெட்டும் விளிம்பன்று; கீழலகின் பல் நுனியே. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், எதனைப் பார்த்து வாங்குவது என்பது தானே விளங்கும்.

கடையிற் கருவியைக் கையிலெடுத்ததும் முதலிற் பார்க்க வேண்டியது அந்த நுனிகளையே. அவை உருண்டு மழுங்கியிருத்தல் வேண்டும். மின்னிணைப்பு இல்லாத நிலையில் அலகினைப் புறங்கையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறும் உணர்ச்சி தோன்றுமாயின் அதனை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து, மேலலகின் பற்கள் கீழலகின் நுனியைக் கடந்து வெளியே நீளாதிருத்தல் வேண்டும். சிகையலங்கார நிலையங்களில் மயிரை ஒட்ட வெட்டும் பொருட்டு இரு அலகுகளையும் ஒரே வரிசைக்குக் கொண்டு வருவார்கள். அது கைதேர்ந்தோர் கையாளும் முறை, மென்சருமத்தோருக்கு ஆகாது.

மூன்றாவதாக, உயரங் காட்டும் சீப்புகள். பத்து, இருபது சீப்புகள் தருவதாகப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பார்கள். எண்ணிக்கையால் ஏமாற வேண்டா. 1 மில்லிமீற்றர், 2 அல்லது 3 மில்லிமீற்றர், இன்னும் நீளமானது ஒன்று என மூன்று உயரங்கள் நன்றாயிருந்தாற் போதும். சீப்பு உறுதியாகப் பூட்டிக்கொள்கிறதா, விரலால் அமுக்கினால் நெகிழ்ந்து கொடுக்கிறதா என்பதே முக்கியம். நெகிழும் சீப்பு நடுவழியிற் சரிந்தால், ஒரு கணத்தில் அலகு தோலிற் பட்டுவிடும். விரைவில் முறிவதும் பெரும்பாலும் இச்சீப்புகளின் பூட்டே.

நான்காவதாக, அலகின் உலோகம். துருவேறா உருக்கு பொதுவாக நல்லது. பொன்னிறத்தில் மினுங்கும் டைட்டேனியம் அலகு என விற்கப்படுவது பெரும்பாலும் உருக்கின்மேல் மெல்லிய பூச்சுடையதே. பூச்சு மேற்பரப்பைக் கடினமாக்கும், ஆயின் உள்ளிருப்பது உருக்குத்தான். செரமிக் எனப்படும் பீங்கான் வகை அலகு விரைவிற் சூடேறாது, நெடுநாள் கூர் மழுங்காது. தரையில் விழுந்தால் உடைந்துவிடும். சிலருடைய தோலுக்கு நிக்கல் என்னும் உலோகம் ஒவ்வாது. மலிவான கைக்கடிகாரமோ பட்டிக் கொளுக்கியோ பட்ட இடத்தில் அரிப்பெடுப்பவர்கள் இவ்வகையினராக இருக்கலாம். நெடுநேரம் தோலிற் படும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலின் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டிலேயே சட்டத்தினாற் கட்டுப்படுத்தியமை இதன் பரவலைக் காட்டும். இத்தகையோர் நிக்கல் முலாம் பூசிய மலிவான அலகுகளை விலக்குதல் நன்று.

இனி, நீடித்த உழைப்பைப் பற்றிச் சொல்வேன். கருவி செத்துப் போவதற்குப் பெருங்காரணம் மின்கலமே. பழைய நிக்கல் கட்மியம் மின்கலங்களின் இடத்தை இன்று இலிதியம் அயன் மின்கலங்கள் பெரிதும் பிடித்துவிட்டன. இவ்வகை மின்கலம் சில நூறு முறை முழுதாக மின்னேற்றப்பட்ட பின்னரே குறிப்பிடத்தக்க அளவு தளரும். வாரம் இருமுறை கத்தரிப்பவருக்கு அது பல ஆண்டுகளுக்குப் போதும். ஆனால் வெப்பம் அதற்குப் பகை. வெயிலில் நிறுத்திய வாகனத்துள் விட்டு வைத்தலும், முற்றிலும் வெறுமையான நிலையில் மாதக்கணக்கில் அலுமாரியிற் போட்டு வைத்தலும் அதன் ஆயுளைக் குறைக்கும். நெடுநாள் பாவிக்காது வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றி வைக்க வேண்டும். எல்லாரிடமும் உள்ள தொலைபேசி மின்னேற்றியின் வடத்தாலேயே மின்னேற்றத்தக்க கருவி விரும்பத்தக்கது; தனி வடம் தொலைந்தால் கருவியே பயனற்றுப் போகுமன்றோ?

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் அன்பளிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நமது நாட்டின் மின்சாரம் 230 வோல்ற், செக்கனுக்கு 50 சுற்று. கனடாவில் அது 120 வோல்ற், 60 சுற்று. ரொறன்ரோவிலிருந்து வந்த கருவி, மின்கலமின்றி நேரே சுவரிற் செருகும் வகையாயின், இங்கே செருகிய மாத்திரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தத்தைப் பெற்று எரிந்துவிடக்கூடும். மின்னேற்றியின்மேற் சிறிய எழுத்தில் 100 முதல் 240 வோல்ற் வரை என அச்சிட்டிருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. செருகிக்கு இணைப்பி ஒன்று மட்டும் வேண்டும். இலண்டனிலிருந்து வந்த கருவிக்கு இத்தொல்லை இல்லை. அங்கும் 230 வோல்ற்றே.

நீரிற் கழுவலாமா என்பதும் கேட்டறிய வேண்டியதே. பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்றிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பது பொருள். ஐ.பி.எக்ஸ். 7 என்றிருந்தால் 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. இக்குறி இல்லாத கருவியைத் தூரிகையால் மட்டுமே துப்புரவு செய்தல் வேண்டும். கழுவத்தக்க கருவியையும் கழுவியபின் நன்றாக உலர்த்துதல் கட்டாயம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடு ஊறி வருவதால் வன்மையானது. ஈரத்தோடு விட்டால் அலகில் வெண்படிவு தங்கும். கரையோர ஊர்களின் உப்புக் காற்று துருவை வளர்க்கும். குளியலறை மாடத்திற் கருவியை வைப்பதிலும் உலர்ந்த அறையில் வைப்பதே மேல்.

அலகுக்கு எண்ணெய் இடுதல் பலரும் மறக்கும் பணி. கருவியோடு வரும் எண்ணெயில், அது தீர்ந்தால் தையல் இயந்திரத்துக்குப் பாவிக்கும் தெளிந்த எண்ணெயில், ஒரு துளி போதும். இட்டபின் சில விநாடி ஓடவிட்டு மிகுதியைத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது; அலகுக்கு நல்லதன்று. அது பிசுபிசுத்து மயிர்த்துகளைப் பற்றிக்கொள்ளும். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்தும் போகும். நுவரெலியாவில் வாழும் நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எண்ணெயற்ற அலகு உராய்ந்து சூடேறும். சூடேறிய அலகு தோலைச் சிவக்கச் செய்யும். கூர் மழுங்கி மயிரைப் பிடித்து இழுக்கும். கருவியைக் கெடுப்பதும் முகத்தைக் கெடுப்பதும் இங்கே ஒன்றாகவே நிகழ்கின்றன.

பாவிக்கும் முறையும் கடினமானதன்று. முகத்தை மென்மையான சவர்க்காரத்தாற் கழுவித் துவாயால் ஒற்றி நன்றாக உலர விடுங்கள். மயிர் வளரும் திசையை விரலால் தடவி அறியுங்கள். கழுத்தில் அது இடத்துக்கிடம் மாறும். அத்திசையிலேயே, அழுத்தாமல், கருவியின் பாரத்தால் மட்டும் நகர்த்துங்கள். விரத காலத்திலோ துடக்குக் காலத்திலோ நீள வளர்ந்த தாடியை ஒரேயடியாக ஒட்டக் கத்தரிக்க முயலாதீர்கள். முதலிற் கத்தரிக்கோல், பின்பு நீண்ட சீப்பு, அதன்பின் குறுகிய சீப்பு எனப் படிப்படியாக வருதல் வேண்டும். இடையிடையே அலகைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தாற் சிறிது ஆறவிடுங்கள்.

இன்னுமொன்று. ஒரு வீட்டில் ஒரு கருவியைத் தந்தையும் மைந்தரும் மாறிமாறிப் பாவிப்பது சிக்கனமாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலிலிருந்து அலகிற் பட்ட குருதியில் ஈரலழற்சி பி வைரசு இருந்தால், அது உடலுக்கு வெளியே 7 நாட்களேனும் உயிர்ப்போடு இருக்க வல்லது. படர்தாமரையும் இவ்வாறே பரவும். ஆகையால் ஒருவருக்கு ஒரு கருவி என்பதே விதியாகட்டும். சிகையலங்கார நிலையத்துக்குச் செல்வோர், அலகினைத் துப்புரவு செய்து தரும்படி மரியாதையோடு கேட்பதில் வெட்கம் வேண்டா. நல்ல தொழிலாளர் அதனைக் குறையாகக் கொள்வதில்லை. வீட்டில், கருவியை நிறுத்தி, நூற்றுக்கு 70 பங்கு மதுசாரத்தால் அலகைத் துடைத்து உலரவிட்டாற் போதும்.

வாங்கும்போது பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் கேட்டுப் பெறுங்கள். மாற்று அலகு தனியாகக் கிடைக்குமா என்று வினவுங்கள். கிடைக்காத கருவி, அலகு மழுங்கும் நாளிலேயே குப்பையாகிவிடும். நுகர்வோரின் நலன் காக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை நமது நாட்டில் அமைந்துள்ளது. பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு வலுவிழந்துவிடும்.

கருவியை மாற்றியும் சில வாரங்களிற் புண் ஆறாவிடின், சீழ் பரவினால், தழும்பு தடித்து வளர்ந்தால், தாமதியாது தோல் வைத்தியரை நாடுங்கள். நீரிழிவு உடையோர் சிறு கீறலையும் அலட்சியம் செய்தலாகாது.

முடிவாக, விலை உயர்ந்ததே நல்லது என்பதுமில்லை. மலிவானதே சிக்கனம் என்பதுமில்லை. மழுங்கிய நுனி, உறுதியான சீப்பு, மாற்றக்கூடிய அலகு ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குங்கள். தூரிகையும் எண்ணெய்த் துளியும் உலர்ந்த இடமும் கொடுத்துப் பேணுங்கள். கருவியைப் பேணும் அந்தச் சில நிமிடங்கள் முகத்தைப் பேணும் நிமிடங்களுமாகும்.