ஒலித்துறையில் சோறு போடுவது எது?

ஒலிப்பொறியாளர் என்றதும் நம் பிள்ளைகளின் கண்முன் வருவது சினிமா ஒலிப்பதிவுக் கூடம்தான். 2009இல் ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கியபின் அந்த ஆசை இன்னும் கூடியது. அவர் இயற்பியலில் பட்டம் பெற்று, பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவை முறையாகப் படித்தவர் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. எடிட்டிங் மென்பொருளை மூன்று மாதத்தில் பழகிவிடலாம். அதை வைத்து ஆயுள் முழுக்கப் பிழைக்க முடியாது. அறிவியல் அடிப்படையும் பழகிய காதும்தான் இந்தத் தொழிலில் நிலைக்கும். அதற்குச் சினிமாவைவிட நல்ல சான்று தொலைக்காட்சி நேரலை.

ஒரு விவாத நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து பேசும் விருந்தினரின் காதுக்கு, அரங்கில் பேசும் எல்லோருடைய குரலும் போகவேண்டும். அவர் குரல் மட்டும் போகக்கூடாது. போனால், தான் பேசியதே சற்றுத் தாமதமாகத் திரும்பக் கேட்டு, பேச்சு தடுமாறிவிடும். இப்படிப் பிரித்து அனுப்புவதை ‘மிக்ஸ் மைனஸ்’ என்பார்கள். நான்கு விருந்தினர் என்றால் நான்கு தனித்தனிக் கலவை. தவறினால் ஊரே கேட்கும். வாயசைவும் குரலும் பொருந்துவது இன்னொரு பாடு. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிந்தினால் சுமார் 125 வரை தெரிவதில்லை என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இயற்கையில் ஒளிக்குப் பின்தானே ஒலி வருகிறது! முன்பு படமும் ஒலியும் ஒரே கேபிளில் சேர்ந்தே வந்தன. இப்போது பரவிவரும் எஸ்டி 2110 முறையில் இரண்டும் கணினி வலைப்பின்னலில் தனித்தனியே பயணித்து, நேரமுத்திரையைக் கொண்டு மீண்டும் பொருத்தப்படுகின்றன. ஆகவே ஒலிபரப்புப் பொறியாளருக்கு மைக் தெரிந்தால் மட்டும் போதாது, நெட்வொர்க்கிங்கும் தெரிய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே இரைச்சலை நீக்கிவிடுகிறதே, இனி ஆள் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், சாதாரணத் துப்புரவு வேலை குறையத்தான் செய்யும். ஆனால் திறந்த வெளியில் மைக்கின் தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபெல் இறங்கும். அறைக்குள் அந்த இடத்தை எதிரொலி பிடித்துக்கொள்ளும். அதைப் பிறகு மென்பொருளால் துடைத்தால் குரலின் உயிரும் சேர்ந்தே போகும். மைக்கை எங்கே வைப்பது என்பதைப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். வேலை நிரந்தரமில்லை என்ற பெற்றோரின் கவலையும் பொய்யல்ல. தொடக்கத்தில் வருமானம் சீராக இராது. சினிமாவை மட்டும் நம்பினால் இன்னும் கடினம். மின்னணுவியலும் கற்றவருக்கு வானொலி, செய்தி அலைவரிசை, விளையாட்டு நேரலை, அரங்க ஒலியமைப்பு என்று வழிகள் பல. தரமணியில் உள்ள அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்திலேயே ஒலிப்பதிவுக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. தனியார் கல்லூரியில் பணம் கட்டுமுன், மாணவர் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் மிக்சர்முன் உட்கார முடியும் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேறு கல்லூரி பாருங்கள்.