கொவிட்டுக்குப் பின் கண்ணைப் பறித்த பங்கசு: சீனியும் ஸ்டெரொய்ட்டும் திறந்துவிட்ட வழி

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் கொவிட் இரண்டாவது அலை வீசியபோது, ஒட்சிசன் கிடைக்காமல் மக்கள் இறந்த செய்திகளை நாம் பார்த்தோம். அந்த அலையில் உயிர் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் சில நாட்களிலேயே மறுபடியும் வைத்தியசாலைக்கு ஓட வேண்டி வந்தது. முகத்தின் ஒரு பக்கம் வீங்கியது. கண் இமை கீழிறங்கியது. வாயின் மேலண்ணம் கறுத்தது. பலரது உயிரைக் காப்பாற்றுவதற்காக ஒரு கண்ணையோ மேல்தாடையின் ஒரு பகுதியையோ அகற்ற நேர்ந்தது.

'கறுப்புப் பூஞ்சை' என்று ஊடகங்கள் பெயர் வைத்த அந்த வருத்தத்தின் மருத்துவப் பெயர் மியூக்கோர்மைக்கோசிஸ். 2021 ஜூன் 28 ஆம் திகதி இந்திய சுகாதார அமைச்சர் வெளியிட்ட கணக்கின்படி, அதுவரை 40,845 பேர் அதனால் பாதிக்கப்பட்டிருந்தனர். 3,129 பேர் இறந்திருந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் கொவிட் வந்திருந்தது. 64 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய 53 சதவீதமானோர் ஸ்டெரொய்ட் மருந்து பெற்றிருந்தனர். கொவிட், நீரிழிவு, ஸ்டெரொய்ட் என்ற இந்த மூன்றும் ஓர் உடலில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், இந்த வருத்தத்தைப் பெருமளவு தடுக்கலாம்.

எங்கிருந்து வருகிறது?

இந்தப் பங்கசு புதிதாக வந்ததல்ல. மண்ணிலும் உக்கும் இலைகளிலும் சாணத்திலும் அது எப்போதும் இருக்கிறது. பழைய பாணில் பூஞ்சணம் பிடிக்கிறதே, அவற்றில் சில இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அதன் கண்ணுக்குத் தெரியாத வித்திகள் காற்றில் மிதக்கின்றன. நாம் எல்லோரும் அவற்றை நாளாந்தம் சுவாசிக்கிறோம். மூக்கிலும் நுரையீரலிலும் காவல் நிற்கும் வெண்குருதிக் கலங்கள் அவற்றை அழித்துவிடுவதால் எமக்கு ஒன்றும் ஆவதில்லை.

அந்தக் காவல் தளரும்போதுதான் ஆபத்து. வைரஸ், சுவாசப் பாதையின் உட்படலத்தைச் சேதப்படுத்துகிறது. குருதியில் சீனி கட்டுப்பாடின்றி ஏறும்போது வெண்குருதிக் கலங்களின் வலு குறைகிறது. சீனி மிக அதிகரித்து குருதியில் அமிலத்தன்மை கூடினால், வழமையாகப் புரதங்களுடன் பிணைந்திருக்கும் இரும்புச்சத்து விடுபடுகிறது. அந்த இரும்பு பங்கசு வளர்வதற்கு உரம். ஸ்டெரொய்ட் மருந்தோ நோயெதிர்ப்பையும் தணிக்கிறது, சீனியையும் ஏற்றுகிறது.

மூக்கில் வேர்விடும் பங்கசு முகக் குழிகளுக்குள் பரவி, அங்கிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிறது. போகும் வழியில் குருதிக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அடைத்துவிடுகிறது. குருதி கிடைக்காத தசை செத்துக் கறுக்கிறது. நாம் காணும் கறுப்பு அந்தச் செத்த தசையின் நிறமே. இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கவோ, பராமரிப்பவர் அஞ்சவோ தேவையில்லை.

மருந்து எப்போது நஞ்சாகிறது?

ஸ்டெரொய்ட் கெட்ட மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2020 ஜூனில் பிரித்தானியாவில் நடந்த பெரும் ஆய்வொன்று, நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் கூடியது 10 நாட்கள் கொடுத்தால், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளரின் இறப்பு மூன்றில் ஒரு பங்கால் குறைவதைக் காட்டியது. ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் பயன் இருந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் காணப்படவில்லை.

இந்தியாவில் இரண்டாவது அலையின்போது வைத்தியசாலைகளில் இடமில்லை. ஒட்சிசன் தேவைப்படாத பலரும் வீட்டிலிருந்தபடியே ஸ்டெரொய்ட் குளிசை எடுத்தார்கள். சிலர் கூடிய அளவில், கூடிய நாட்களுக்கு எடுத்தார்கள். சீனியை அளந்து பார்க்க ஆளில்லை. டெல்லி எய்ம்ஸ் வைத்தியசாலையின் அப்போதைய பணிப்பாளர் ரந்தீப் குலேரியா, ஸ்டெரொய்ட்டின் தவறான பாவனையே இந்த நோய் பெருகப் பெரும் காரணம் என்று அந்த மே மாதத்திலேயே எச்சரித்தார். 7 கோடிக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளர் வாழும் நாட்டில் அதன் விளைவு பயங்கரமாக இருந்தது.

கொவிட்டோடு முடியும் கதையும் அல்ல இது. கடும் இன்புளுவன்சா காய்ச்சலுக்குப் பின் அஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பங்கசு நுரையீரலைத் தாக்குகிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இன்புளுவன்சாவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது வந்ததை 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது.

எமக்கு என்ன பாடம்?

இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் வாழ்வைத் தொடங்கிய குடும்பங்களில், கிளினிக்குக்குப் போவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். பஸ் இல்லை, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று கிளினிக் தவறிப்போகிறது. காய்ச்சல் வந்தால் முன்பு எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டிப் பாமசியில் குளிசை வாங்குவதும் நடக்கிறது. இவை இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

சீனி வருத்தம் உள்ளவருக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் வந்தால் சீனியை வழமையைவிட அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். சாப்பிட முடியவில்லை என்பதற்காக இன்சுலினையோ குளிசையையோ தாமாக நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் கேட்க வேண்டும். வைத்தியர் எழுதாத ஸ்டெரொய்ட்டை எடுக்கக் கூடாது. அதேவேளை மூட்டுவாதம் போன்ற நோய்களுக்காக நீண்டகாலம் ஸ்டெரொய்ட் எடுப்பவர்கள் பயத்தில் அதைத் திடீரென நிறுத்தினால் உயிராபத்து ஏற்படலாம்.

காய்ச்சல் மாறிய பின்னரும் சில வாரங்களுக்கு முகத்தைக் கவனியுங்கள். முகத்தின் ஒரு பக்கத்தில் நோவு, வீக்கம், மரத்துப்போதல், ஒரு பக்க மூக்கடைப்பு, மூக்கிலிருந்து இரத்தம் கலந்த அல்லது கறுத்த சளி, காரணமின்றி ஆடும் பல், இரண்டிரண்டாகத் தெரியும் பார்வை, மேலண்ணத்தில் கறுப்பு. இவற்றில் ஒன்று தோன்றினாலும் 'தடிமன்தானே' என்று விட்டுவிடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தம் இருப்பதையும், அண்மையில் காய்ச்சலுக்கு எடுத்த குளிசைகளையும் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். குளிசைப் பெட்டியையும் கொண்டுபோங்கள்.

சிகிச்சை உண்டு. செத்த தசையைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றி, அம்போடெரிசின் பி என்ற மருந்தை நாளம் வழியாக வாரக்கணக்கில் ஏற்றுகிறார்கள். அது விலை கூடியது, சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. 2021 இல் இந்தியாவிலேயே அதற்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பங்கசு மூக்கோடு நிற்கும்போது பிடித்துவிட்டால் கண்ணைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூளையை எட்டிய பின் அந்த வாய்ப்பு வேகமாகச் சுருங்கிவிடும். இங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு.