மோட்டார் வாகனத்தின் செவி



பிரித்தானியாவில் வாழும் நம்மவர் பலருக்கு மோட்டார் வாகனம் ஆடம்பரப் பொருளன்று. வேலைக்குச் செல்வதற்கும் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்து வருவதற்கும் அதுவே துணை. அதன் முகப்பில் மஞ்சள் நிற இயந்திர விளக்கு எரியும்போது, பழுதுபார்ப்போர் கூறுவது விளங்காமல் வீண்செலவு செய்வோர் உளர். பல குடும்பங்களில் பிள்ளைகளே அங்கு மொழிபெயர்ப்பாளராக நிற்கின்றனர். சொல்லை மொழிபெயர்க்க வேண்டுமாயின் பொருள் விளங்கியிருத்தல் வேண்டும். ஆதலால், அவ்விளக்கு எரிவதற்குரிய காரணங்களுள் ஒன்றை இங்கு விளக்க முற்படுகின்றோம். அதுவே 'நொக் சென்சர்' எனப்படும் தட்டொலி உணரியின் பழுது.

தட்டொலி யாது?

பெற்றோல் இயந்திரத்தின் உருளையினுள் வளியும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையை முசலம் அமுக்குகின்றது. முசலம் என்னும் சொல்லுக்கு உலக்கை என்பது பொருள். உரலில் உலக்கை ஏறி இறங்குவது போல உருளையில் முசலம் இயங்குகின்றது. தீப்பொறிச் செருகி பொறியை எழுப்பியதும் சுவாலை சீராகப் பரவி முசலத்தைத் தள்ளுகின்றது. சிலவேளைகளில், சுவாலை வந்து சேருமுன்னரே எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானாகத் தீப்பற்றி விடுகின்றது. அப்பொழுது உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். இதுவே தட்டொலி. கடுமையாகத் தொடரின் முசலம் உருகிச் சிதையவும் கூடும்.

1921 இல் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்வையொன்றைப் பெற்றோலுடன் கலந்து தட்டொலியைத் தடுக்கும் வழியைக் கண்டார். ஆயினும் ஈயம் மனிதருக்கு நஞ்சாகும். ஆகவே பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் பொது விற்பனை நிறுத்தப்பட்டது. இன்று பெற்றோல் நிலையங்களில் காணும் 95, 97 போன்ற ஒக்ரேன் எண்கள், தட்டொலியைத் தாங்கும் ஆற்றலையே காட்டுகின்றன.

உணரியின் தொழில்

சில பளிங்குகளை அமுக்கும்போது மின் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டறிந்தனர். இத்தத்துவத்திலேயே இயந்திரத் தொகுதியில் இறுக்கப்பட்டுள்ள இவ்வுணரி இயங்குகின்றது. தட்டொலியால் இயந்திரம் செக்கனுக்கு ஏறத்தாழ 6,000 அல்லது 7,000 தடவை அதிர, உணரி அவ்வதிர்வை மின் சைகையாக மாற்றுகின்றது. அதனைப் பெறும் கட்டுப்பாட்டுக் கணினி, பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுகின்றது. ஓசை அடங்கியதும் சிறிது சிறிதாகப் பழைய நிலைக்கு மீட்கின்றது.

உணரி பழுதானால் கணினி செவிடாகின்றது. அப்போது அது முன்னெச்சரிக்கையாகப் பொறியைப் பின்தள்ளியே வைத்திருக்கும். வாகனத்தின் வலு குறையும், பெற்றோல் செலவு கூடும், விளக்கும் எரியும். 2003 யூலை முதல் பாவனைக்கு வந்த பெற்றோல் கார்கள், இவ்விளக்கு எரிந்தால் எம்.ஓ.டி. பரிசோதனையில் சித்தியடையா.

பழுதறியும் முறை

1. குறியீட்டை வாசித்தல். பி 0325, பி 0327, பி 0328 போன்றவை உணரியின் மின்சுற்றைச் சுட்டுவன. உணரியே பழுது என்பதற்கு இவை முடிந்த சான்றல்ல.

2. வடத்தையும் இணைப்பியையும் பார்த்தல். துருவேறல், எண்ணெய் புகுதல், எலி கடித்தல் ஆகியவற்றாலும் இதே குறியீடு தோன்றும்.

3. அளந்து பார்த்தல். இயந்திரத்தை நிறுத்தி, இணைப்பியைக் கழற்றி, பல்மானியை ஆடலோட்ட மில்லிவோல்ற்று நிலையில் வைத்து உணரியுடன் இணைக்க வேண்டும். உணரிக்கு அருகே இயந்திரத் தொகுதியை மெல்லத் தட்டினால் அளவு அசைய வேண்டும். உணரியின்மேல் தட்டலாகாது. தடை அளவு வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். தயாரிப்பாளரின் கைந்நூலையே நம்புக.

4. மெய்யான தட்டொலியா என ஆராய்தல். குறைந்த ஒக்ரேன் பெற்றோல், கரிப்படிவு, மிகையான வெப்பம் ஆகியன தட்டொலியை உண்டாக்கும். அவ்வேளையில் உணரி உண்மையையே உரைக்கின்றது. அதனை மாற்றுவதால் பயனில்லை.

மாற்றும் முறை

உணரி பொருந்தும் பரப்பு துருவும் வண்ணப்பூச்சும் அற்றிருத்தல் வேண்டும். மேலதிக வளையம் இடலாகாது. பல வாகனங்களில் ஏறத்தாழ 20 நியூற்றன் மீற்றர் அளவில் ஆணியை இறுக்குவர். இதற்கும் கைந்நூலின் அளவே முடிவானது. கூடினும் குறையினும் உணரி தவறாகக் கேட்கும். சில இயந்திரங்களில் உணரி உள்ளெடுப்புக் குழாய்த் தொகுதியின் கீழ் மறைந்திருக்கும். அத்தகைய வேலையைப் பயிற்சி பெற்றோரிடம் விடுதல் நன்று.

மாணவர்களே! பெற்றோருடன் பழுதுபார்க்கும் நிலையத்துக்குச் செல்லும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். குறியீடு யாது? வடத்தைச் சோதித்தீர்களா? தட்டொலி மெய்யாகவே உள்ளதா? கிடைக்கும் விடைகளைத் தந்தைக்கும் தாய்க்கும் தமிழில் விளக்குங்கள். அவர்கள் உழைத்த பணம் வீணாகாது. நீங்கள் கற்கும் தமிழும் வகுப்பறைக்கு அப்பால் பயன் தரும்.