சுமந்து செல்லும் இல்லம்

அம்பத்தூர்ப் பகுதியில் நாம் நடத்திய புதுநன்மை வகுப்பு ஒன்றில், சிறுவர் சிறுமியரிடம் தாளைக் கொடுத்து, "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்றோம். பெரும்பாலோர் சாய்ந்த கூரை, இரண்டு சன்னல், ஒரு தென்னை, பின்னால் மலை, மலைகளுக்கிடையே சூரியன் என்றே வரைந்தனர். அம்பத்தூரில் மலை ஏது? ஒரு சிறுவன் மட்டும், கட்டிலும் பீரோவும் குடங்களும் ஏற்றிய வண்டியொன்றை வரைந்திருந்தான். "வீடு எங்கே, தம்பி?" என்று வினவினோம். "மூன்று வீடு மாறிவிட்டோம், சாமி. எதை வரைவது?" என்றான். நாம் வாயடைத்து நின்றோம்.

வயலும் ஏரியுமாய் இருந்த ஊர் இது. 1964-இல் தொழிற்பேட்டை எழுந்தது. பிழைப்புத் தேடி வந்தோர் வாடகைப் போர்ஷன்களில் குடியேறினர். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த வீடு தேடும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே பல உள்ளன.

அமெரிக்க ஓவியர் வர்ஜினியா லீ பர்ட்டன் 1942-இல் வெளியிட்ட 'தி லிட்டில் ஹவுஸ்' என்னும் படநூல் நம் நினைவிற்கு வந்தது. குன்றின்மேல் நின்ற ஒரு சிற்றில்லத்தைச் சாலைகளும் மாடிக் கட்டடங்களும் நெருக்குகின்றன. இறுதியில், கட்டியவரின் வழித்தோன்றல் ஒருத்தி அதனை அப்படியே பெயர்த்து நாட்டுப்புறத்திற்குக் கொண்டு செல்கிறாள். 1943-இல் கால்டெகாட் பதக்கம் பெற்ற நூல் இது. ஆனால், நம் சிறுவனின் கதையில் வீடு பெயர்வதில்லை, அவன்தான் பெயர்கிறான்.

அவனுக்கேற்ற நூல் நம் சென்னையிலேயே பிறந்திருக்கிறது. நீனா சப்னானி உருவாக்கிய 'ஹோம்' என்னும் நூலைத் துலிகா பதிப்பகம் வெளியிட்டது. கதவு கதவாக விரியும் அந்நூலுக்கு ராஜஸ்தானத்துக் 'காவட்' முன்மாதிரி. காவட் என்பது பல கதவுகள் கொண்ட, ஓவியம் தீட்டிய மரப்பேழை. கதைசொல்லிகள் அதனைச் சுமந்து வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு கதவாகத் திறந்து, தெய்வக் கதைகளையும் அவ்வீட்டாரின் முன்னோர் வரலாற்றையும் சொல்வர். சுமந்து செல்லத்தக்க வீடும் உண்டு என்பதை அது நமக்குக் காட்டுகிறது அன்றோ?

மீண்டும் அச்சிறுவனின் படத்தை உற்று நோக்கினோம். வண்டியின் முன்னிருக்கையில் தந்தை. குடங்களுக்கிடையே தாய், அவள் மடியில் தங்கை, அருகில் அவன். மற்றப் பிள்ளைகள் வரைந்த அழகிய வீடுகளில் ஆள் ஒருவரும் இல்லை! வண்டியை வரைந்தவனே இல்லத்தை வரைந்திருந்தான்.

'அகம்' என்னும் சொல்லுக்கு வீடு என்றும் உள்ளம் என்றும் பொருள் வைத்தனர் நம் முன்னோர். எகிப்திற்கு இடம்பெயர்ந்த திருக்குடும்பமும் தன் இல்லத்தை உள்ளத்தில்தானே சுமந்து சென்றது!

அன்புள்ள பெற்றோரே, சொந்த வீடு கட்டும் நாள் வரட்டும், வேண்டிக்கொள்வோம். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு தொலைக்காட்சியைச் சற்று அணைத்துவிட்டு, பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு படநூலை விரியுங்கள். நூல் இல்லையெனில், நீங்கள் பிறந்த வீட்டின் கதையைச் சொல்லுங்கள். அவனை வரையச் சொல்லுங்கள். அடுத்த முறை வண்டியில் சாமான் ஏற்றும்போது, அந்தக் கதை உடையாமல் உடன் வரும்.