முன்னால் மட்டும் நகரும் முடி

ஸ்ரீரங்கத்தில் சலூன் நடத்தும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். சேரையும் மெஷினையும் தினமும் துடைத்தும், மூடி போட்ட இடங்களுக்குள்ளேகூட முடி எப்படிப் போகிறது? எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று சொல்லி ஒருவர் விற்க வந்த யூவி பெட்டியை வாங்கலாமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. கிருமியைக் கொல்வது 254 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புறஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்குள் ஊதா நிறத்தில் ஒளிர்வது கண்ணுக்கு அழகு, வேலை நடப்பதற்கு அத்தாட்சி அல்ல. மலிவான பெட்டிகள் சிலவற்றில் வெறும் ஊதா விளக்குதான் இருக்கும். உண்மையான விளக்கே இருந்தாலும், அந்தக் கதிர் நேர்க்கோட்டில்தான் போகும். கத்தரியின் திருகாணிக்கு அடியில், சீப்புப் பல்லின் மறுபக்கத்தில், ஒட்டிக்கிடக்கும் ஒரு துண்டு முடியின் நிழலில் கிருமி சௌகரியமாக இருக்கும். கழுவித் துடைத்த கருவிகளை எடுத்து வைக்க நல்ல இடம் என்பதற்கு மேல் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டெட்டால் கிண்ணத்துக்கும் இதே விதிதான். கத்தரியை ஒரு முக்கு முக்கி எடுப்பது சடங்கு. முடியையும் சோப்பு நுரையையும் முதலில் கழுவிவிட்டு, மருந்து டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டால்தான் மருந்து வேலை செய்யும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில், ஏழு நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஒரு பிளேடு ஒருவருக்கு மட்டும் என்ற விதி அதனால்தான்.

முதல் கேள்விக்கு வருவோம். எனக்கு ஆசையான கேள்வி அது.

தலைமுடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து, விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். விரல் இரண்டு பக்கமும்தான் போகிறது. முடி மட்டும் ஒரே பக்கமாக ஊர்ந்து வெளியே வரும். அதைத் திருப்பி வைத்துத் தேய்த்தால் எதிர்ப்பக்கமாக ஊரும். எப்போதும் முதலில் போவது வேர்ப்பக்கத்து முனை.

காரணம், முடியின் மேல்தோல். நம் தலைமுடியின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் 10 அல்லது 15இல் ஒரு பங்கு. அதன் மேல் அரை மைக்ரான் கனமுள்ள செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு படிந்திருக்கின்றன. எல்லாச் செதிலின் விளிம்பும் நுனியைப் பார்த்தே இருக்கும். வேரிலிருந்து நுனிக்கு வருடும் விரல் வழுக்கிப் போய்விடுகிறது. நுனியிலிருந்து வேருக்கு வருடினால் விளிம்புகளில் சிக்கி, முடியையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் முடி ஒரு சின்னத் தூரம் முன்னேறும், திரும்பி வராது. வெட்டி விழுந்த துண்டுக்கு வேர் கிடையாது, ஆனால் செதிலின் திசை மாறுவதில்லை. அரை சென்டிமீட்டர் துண்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் கோயிலில் பரமபதவாசல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே யாரும் நடப்பதில்லை. ஒருவர் இடதுபக்கம் இடிக்கிறார், ஒருவர் முதுகில் சாய்கிறார், பின்னால் இருக்கும் மாமி புடவைத் தலைப்பு எங்கோ மாட்டிக்கொண்டது என்று திரும்பப் பார்க்கிறார். திரும்ப முடியாது, காலை எடுத்த இடத்தை அதற்குள் இன்னொருவர் பிடித்திருப்பார். தள்ளல் எல்லாத் திசையிலும் வருகிறது, நகர்தல் ஒரே திசையில் நடக்கிறது. காலியான இடத்தை உடனே பிடித்துக்கொள்ளும் அந்தப் பின்வரிசைக்காரர்தான் செதில். தடுப்புக் கட்டைதான் விரலின் தோல். ‘ஒவ்வொருத்தரா வாங்கோ’ என்று கத்தும் தன்னார்வத் தொண்டருக்கு மெஷினில் என்ன இணை என்று கேட்காதீர்கள். யோசித்துப் பார்த்தேன், சீப்பாக இருக்கலாம். வாசலைத் தாண்டி வெளியே விழுந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் மணல்வெளி, சேரின் அடியில் இருக்கும் எண்ணெய் பம்ப். ஒப்புமையில் ஒன்றை மட்டும் விட்டுவிடக்கூடாது: நெரிசல் ஓய்ந்தால் வரிசையும் நின்றுவிடும். முடிக்கு உயிரோ ஆசையோ கிடையாது. அசைவு வெளியிலிருந்து வரவேண்டும். திசையை மட்டும் முடி கொடுக்கிறது.

சலூனில் அசைவுக்கா பஞ்சம்? காந்தச்சுருள் வைத்த கிளிப்பர் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தம் இரண்டு முறை இழுக்கும். ஆக நிமிடத்துக்கு 6,000 முறை பிளேடு போய் வருகிறது. வெட்டிய துண்டுகள் இந்த ஆட்டத்தில் பிளேடுகளின் இடுக்கு வழியாக உள்ளே ஏறுகின்றன. ஊதி எடுப்பதும், காற்றழுத்தக் குழாயைப் பிடிப்பதும் மேலே இருப்பதைத்தான் பறக்கவிடும், உள்ளே இருப்பதை இன்னும் தள்ளிவிடும். பிளேடைக் கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, பற்கள் உரசும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டு மெஷின் எண்ணெய் விடவேண்டும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. அது 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும். திருச்சி வெயிலில் அது தெரியாது. ஏசியை 22இல் வைத்திருக்கும் தில்லைநகர்க் கடையில் காலையில் மெஷின் முனகும்போது தெரியும்.

சேருக்குள் நடப்பது இன்னும் வேடிக்கை. காலால் மிதித்தால் உயரும் சேரின் அடியில் எண்ணெய் பம்ப் இருக்கிறது. மிதிக்க மிதிக்க எண்ணெய் ஒரு சின்னக் குண்டு வால்வைத் தாண்டி உள்ளே போகும், திரும்பி வராது. ஆளோடு சேரும் உயரும். இதுவும் ஒருவழிப் பாதைதான். எண்ணெய் ஊற்றும்போது தூசோ முடியோ உள்ளே விழுந்து அந்தக் குண்டுக்கு அடியில் மாட்டினால், பாதை இருவழியாகிவிடும். வாடிக்கையாளர் பேசிக்கொண்டே மெல்லமெல்லக் கீழே இறங்குவார். பிஸ்டன் தண்டில் எண்ணெய்க் கசிவு இருந்தால் முடி அதில் ஒட்டி, ஏறி இறங்கும்போது ரப்பர் சீலை அறுக்கும். தண்டைத் துடைத்து உலர்வாக வைப்பது சீலை மாற்றுவதைவிட மலிவு. ரெக்சின் சீட்டின் தையலோரம், சக்கரத்தின் அச்சு, எல்லாம் இதே கதை. உட்கார்ந்தவர் அசைய அசைய முடி உள்ளே போகும்.

ஹேர் டிரையரின் பின்பக்க வலையைச் சொல்லாமல் விட்டால் குறையாகும். அங்கே முடி அடைத்தால் காற்று குறையும், கம்பிச் சுருள் கொதிக்கும், கருகல் நாற்றம் வரும். வலையைக் கழற்றி வாரம் ஒருமுறை தட்டுங்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக: கம்பளி ரோமம் தானாகப் பின்னிக்கொண்டு தடித்த துணியாவது ஏன் என்று 1790இல் எழுதியவர் காஸ்பார் மோன்ஜ், பிரெஞ்சுக் கணித அறிஞர். தொப்பி செய்கிறவர்கள் ரோமத்தை ஈரத்தில் அமுக்கிப் பிசைவதைப் பார்த்து, மேல்பரப்பில் செதில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். சரியான ஊகம். எலக்ட்ரிக் கிளிப்பர் அதற்கு ரொம்பப் பின்னால், அமெரிக்காவின் லியோ வால் 1919இல் காப்புரிமை கேட்டது. இதற்கு மேல் வரலாறு நமக்கு வேண்டாம். ஆனால் தலை அலசும் தொட்டியின் குழாயில் அடைத்துக்கொண்டு, பிய்த்தாலும் பிரியாத அந்த முடி உருண்டை, மோன்ஜ் பார்த்த தொப்பிச் சரக்கேதான். ஈரத்தில் முடி பருக்கும், செதில் விரியும், பின்னல் இறுகும். அதனால்தான் முதலில் உலர்வாகப் பெருக்கவேண்டும், பிறகுதான் தண்ணீர். கழுத்தில் பவுடர் போட்டு பிரஷ்ஷால் தட்டும் பழக்கத்திலும் இதே புத்தி இருக்கிறது. வியர்வை ஈரம் குறைந்தால் முடி சட்டைக்குள் இறங்குவதும் குறையும்.

இந்தச் செதில் திசைக்குச் சந்தையில் விலையும் உண்டு. காவிரிக்கு வடக்கே சமயபுரத்தில் மாரியம்மனுக்கு முடி இறக்குகிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. விக் செய்கிறவர்கள் கோயில் முடியைத் தேடி வருவதற்கு ஒரு காரணம், நீள முடியைக் கட்டாகக் கட்டியபடியே சிரைத்து எடுக்கமுடிகிறது என்பது. எல்லா முடிக்கும் வேர் ஒரே பக்கம், ஆகவே சிக்கு விழாது. தரையில் கூட்டி அள்ளிய முடியில் திசைகள் கலந்துவிடும். அதைச் சிக்கில்லாமல் ஆக்க, அமிலத்தில் முக்கிச் செதிலையே கரைத்து, சிலிக்கோன் பூசி விற்கிறார்கள். முதல் சில வாரம் பளபளக்கும், சிலிக்கோன் போனதும் சிக்கு விழத் தொடங்கிவிடும். ‘நூறு சதவீத இயற்கை முடி’ என்ற விளம்பரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சேரும் மெஷினும் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். முடி நுழையும் இன்னொரு இடம், முடி வெட்டுகிறவரின் உடம்பு. வெட்டிய துண்டின் முனை கூர்மை. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி மெத்தென்றான விரலிடுக்கில் அது குத்தி நின்றால், கத்தரி பிடிக்கும் ஒவ்வொரு அசைவும் அதை உள்ளே கொண்டுபோகும், செதில் வெளியே விடாது. நாளடைவில் சின்ன ஓட்டை, சீழ், வலி. பைலோநைடல் சைனஸ் என்பது மருத்துவப் பெயர். மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் முதுகுத்தண்டின் கீழ்முனையில் வருவது. இரண்டாம் உலகப் போரில், குலுங்கும் ஜீப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட அமெரிக்க வீரர்களில் சுமார் 80,000 பேர் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்ததால் ஜீப் நோய் என்றே பெயர் வாங்கியது. அங்கேயும் குலுக்கல் வண்டியுடையது, திசை முடியுடையது. முடிதிருத்துநர்களுக்கு விரலிடுக்கில் வருகிறது, செருப்போடோ வெறுங்காலோடோ நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கிலும் வருகிறது. செம்மறி ரோமம் கத்தரிப்பவர்களுக்கும் உண்டு. இதைத் தடுக்க எந்த நவீனப் பெட்டியும் வேண்டாம். ஒவ்வொரு தலைக்கும் பிறகு விரல்களைப் பிரித்துக் கழுவி, இடுக்கை உலரத் துடைத்தால் போதும். குத்தியிருக்கும் முடியைச் சின்ன இடுக்கியால் அன்றைக்கே எடுத்துவிடவேண்டும். நின்று வேலை செய்பவர்களுக்கு மூடிய காலணி. பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் இதெல்லாம் வாங்கியும் மிச்சமிருக்கும்.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையிலும் சமயபுரத்து முடிகாணிக்கை மண்டபத்திலும் ஈரத்தரையில் உட்கார்ந்து, ஈரத்தலைகளைச் சிரைப்பவர்களுக்கு இந்த ஆபத்து சலூன்காரர்களைவிடக் கூடுதல். கோயில் நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் மருத்துவ முகாம்களில் அவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மருத்துவர்கள், கைவிரல்களையும் கால்விரல்களையும் விரித்து இடுக்குகளை ஒருமுறை பார்க்கவேண்டும்.