கனவுக்கும் இலக்கணம் உண்டு

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கனவு வந்தது. ஆபீஸ் மீட்டிங் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் நாற்காலியில் அப்பா. பழைய செய்தித்தாளை விரித்து வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். அவர் இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது என்பது கனவிலேயே எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு விஷயமாகவே படவில்லை. என் கவலை எல்லாம் வேறு: அவரிடம் விசிட்டர் பாஸ் இல்லை. செக்யூரிட்டி வந்து கேட்டால் என்ன சொல்வது? வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்தேன்.

உயிரோடு இருந்தவரை அப்பா என் ஆபீசுக்குள் வந்ததே இல்லை. ஒருமுறை நான் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொண்டுவந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கனவைக் கதையாக எழுத ஆசைப்பட்டேன். கனவுக் கதைதானே, என்ன வேண்டுமானாலும் நடக்கலாமே என்று மீட்டிங் ரூமுக்குள் ஒரு ஆற்றை ஓடவிட்டேன். லிஃப்டிலிருந்து ஒட்டகம் இறங்கியது. கடிகாரம் பின்னோக்கி ஓடியது. பன்னிரண்டு பக்கம் வந்தது. மனைவி பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லாம் சரிங்க, இதுல மாமா எங்க போனாரு?"

என்னிடம் பதில் இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன சோதனை

பழக்கதோஷம், ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தேன். ஐம்பது பெயர்ச்சொல், ஐம்பது வினைச்சொல். குலுக்கிப் போட்டு வாக்கியம் அமைக்க வேண்டும், அவ்வளவுதான். "தபால்காரர் மழையை மடித்து வைத்தார்", "இஸ்திரிப் பெட்டி ஒட்டகத்தைப் பாடியது" என்று வரிசையாகக் கொட்டியது. முதல் மூன்று வரிக்குச் சிரித்தேன். பத்தாவது வரியில் கொட்டாவி வந்துவிட்டது.

காரணம் எளிது. முதல் வரியில் என்ன நடந்தாலும் இரண்டாவது வரிக்கு ஒரு பாதிப்பும் கிடையாது. மடித்து வைத்த மழை பிறகு எங்கேயும் ஒழுகவில்லை. என் பன்னிரண்டு பக்கமும் இதே கதைதான். புரோகிராம் செய்ததை நான் கையால் செய்திருக்கிறேன்.

தூங்கும் மூளை

சரி, நிஜக் கனவு இப்படித் தாறுமாறாகத்தான் இருக்கிறதா? 1953-ல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மேனும், தூக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசைவதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்ல முடிவதையும் காட்டினார்கள். இதைத்தான் ரெம் தூக்கம் என்கிறோம். பின்னாளில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ரெம் தூக்கத்தில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. "இது சரியா, இப்படி நடக்குமா?" என்று சரிபார்க்க உதவும் நெற்றிப்பக்கப் பகுதிகள் அடங்கிக் கிடக்கின்றன.

அதாவது பயம் விழித்திருக்கிறது, கணக்குப்பிள்ளை தூங்கிவிட்டார். இறந்த அப்பா வந்ததற்கு ஆச்சரியமே வராமல் விசிட்டர் பாஸுக்காக மட்டும் வியர்த்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1994-ல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட், ஆலன் ஹாப்சன் உள்ளிட்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள், கனவில் ஒன்று இன்னொன்றாக மாறும் இடங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஆள் இன்னொரு ஆளாக மாறுகிறார். பொருள் இன்னொரு பொருளாக மாறுகிறது. ஆள் நாற்காலியாக மாறுவது போன்ற வகை தாண்டிய மாற்றம் அவர்கள் பார்த்த கனவுகளில் தென்படவில்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், வேரியபிளின் மதிப்பு மாறும், டைப் மாறாது. கனவுக்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது!

ஆலிஸ் அழுத கண்ணீர்

இதை மனதில் வைத்துக்கொண்டு லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகளைத் திரும்பப் படித்தேன். கரோலின் நிஜப்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். ஆக்ஸ்போர்டில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 1862 ஜூலை 4 அன்று படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்குச் சொன்ன கதை, 1865-ல் புத்தகமானது.

அதில் குழந்தை பன்றியாக மாறுகிறது. 1871-ல் வந்த இரண்டாம் கதையில் வெள்ளை ராணி செம்மறி ஆடாகிறாள், பின்னல் ஊசி துடுப்பாகிறது, கடை ஆறாகிறது. உயிர் உயிராக, பொருள் பொருளாக, இடம் இடமாக. முதல் கதையின் கடைசியில் ஆலிஸ் எதிரில் நிற்பவர்களைப் பார்த்து, நீங்கள் வெறும் சீட்டுக்கட்டுதானே என்று கத்துகிறாள். ஆட்கள் வெறும் பொருளாகிறார்கள். அந்த நொடியே கனவு கலைந்துவிடுகிறது. கரோல் இதை யோசித்துச் செய்தாரா தெரியாது, ஆனால் வகை உடையும் இடமும் விழிக்கும் இடமும் ஒன்றாக இருக்கிறது.

அதைவிட முக்கியமானது கண்ணீர். ஆலிஸ் ஒன்பது அடிக்கு மேல் வளர்ந்து, கதவில் நுழைய முடியாமல் அழுகிறாள். பிறகு சிறுத்துப் போகிறாள். அழுத கண்ணீர் மட்டும் சிறுக்கவில்லை! தான் அழுத கண்ணீரிலேயே நீந்திக் கரையேற வேண்டியதாகிறது. தொப்பிக்காரனின் தேநீர் விருந்தும் இப்படித்தான். அவனுக்கும் காலத்துக்கும் சண்டை. அதனால் மணி எப்போதும் ஆறு. அதனால் எப்போதும் தேநீர் நேரம். அதனால் கோப்பை கழுவ நேரமில்லை. அதனால் ஒவ்வொரு இடமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள். அபத்தம் ஒன்றே ஒன்றுதான். மீதி எல்லாம் கறாரான தர்க்கம்.

முதுகில் ஒரு குழந்தை

சரி, தர்க்கம் வந்துவிட்டது. பயம் எங்கிருந்து வரும்? ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1908-ல் அசாஹி நாளிதழில் பத்து இரவுகளின் கனவுகளைத் தொடராக எழுதினார். மூன்றாம் இரவில் ஒருவன் ஆறு வயதுப் பிள்ளையை முதுகில் சுமந்து போகிறான். அவனுடைய பிள்ளைதான். கண் தெரியாது. ஆனால் வழி எல்லாம் அதற்குத்தான் தெரிந்திருக்கிறது. குரல் குழந்தையுடையது, பேச்சு பெரியவருடையது. காட்டில் இதை விட்டுவிட்டு ஓடலாமா என்று அவன் நினைக்கிறான். நூறு வருடம் முன்னால் தான் செய்த ஒரு கொலை கடைசியில் அவனுக்கு நினைவுக்கு வருகிறது. அந்தக் கணத்தில் முதுகில் இருப்பது கல்லாகக் கனக்கிறது.

இந்தக் கதையில் ஒட்டகம் இல்லை, பறக்கும் மீன் இல்லை. ஒரு பாதை, ஒரு பாரம், "எனக்கு இது ஏற்கெனவே தெரியும்" என்ற பீதி. அவ்வளவுதான். முதலில் உணர்ச்சி, அதற்கு ஏற்ற உருவம் பிறகு.

எழுத உட்காருகிறவர்களுக்கு

நான் எனக்காக எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு இது:

1. ஒரே ஒரு விதியை உடையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து ஒழுங்காகப் பிறக்கட்டும்.

2. நடந்ததற்குப் பின்விளைவு இருக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் அழுதால் ஐந்தாம் பக்கத்தில் நனைய வேண்டும்.

3. பெரிய விநோதத்தைப் பாத்திரம் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். சின்ன விஷயத்துக்காகத் தவிக்கட்டும். காஃப்காவின் கிரிகோர் சாம்சா பூச்சியாக மாறிய காலையில் ரயிலைத் தவறவிட்டதற்காகத்தான் பதறுகிறான்.

4. "எல்லாம் கனவு" என்று முடித்துக் கைகழுவாதீர்கள். விழித்த பிறகும் ஒன்று மிஞ்ச வேண்டும். இரண்டாம் ஆலிஸ் கதை, கனவு கண்டது ஆலிஸா சிவப்பு ராஜாவா என்ற கேள்வியை நம்மிடம் விட்டுவிட்டுத்தான் முடிகிறது.

பிறகு என் கதையை எடுத்தேன். ஆறு போனது, ஒட்டகம் போனது, கடிகாரம் போனது. மூன்று பக்கம் மிஞ்சியது. அறை, அப்பா, வேர்க்கடலை, பாஸ். புதிதாகச் சேர்த்தது ஒன்றுதான்: என் கழுத்தில் இருக்கும் அடையாள அட்டையைக் கழற்றி அப்பா கழுத்தில் மாட்டிவிடுகிறேன். இப்போது என்னிடம் அட்டை இல்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது.

மனைவியிடம் கொடுத்தேன். இந்த முறை மாமா எங்கே என்று கேட்கவில்லை. "முடிவு இன்னும் வரலையே" என்றாள். உண்மைதான். செக்யூரிட்டி என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்கிற இடத்தில் நிற்கிறது. அப்பா என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.