தோற்றால் லாபம் தந்த அட்டவணை

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் கனரா யூனியன் கூடத்தில் பழகி வளர்ந்த பிரகாஷ் படுகோன் 1980இல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்றார். இறுதியாட்டத்தில் லீம் ஸ்வி கிங்கை 15-3, 15-10 என்று சாய்த்தார். அது நாக்-அவுட் போட்டி. ஒரு முறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேண்டுமென்றே தோற்று ஆதாயம் தேட வழியே கிடையாது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்த வழி திறந்தது. பாட்மின்டன் இரட்டையரில் குழுச் சுற்றைக் கொண்டுவந்தார்கள். காலிறுதியில் எந்தக் குழுவின் முதலிடம் எந்தக் குழுவின் இரண்டாமிடத்தோடு மோதும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. சீனாவின் ஒரு பெண்கள் ஜோடி டென்மார்க்கிடம் எதிர்பாராமல் தோற்றுக் குழுவில் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. இன்னொரு சீன ஜோடியான வாங் சியாவோலியும் யூ யாங்கும் கடைசிக் குழு ஆட்டத்தில் வென்றால், இறுதிக்கு முன்பே சொந்த நாட்டவரோடு மோத நேரும். ஜூலை 31 இரவு அவர்கள் சர்வையே வலையில் அடித்தார்கள். எதிரே நின்ற தென் கொரியர்களும் அப்படியே. முதல் கேமின் மிக நீண்ட ராலி நான்கே அடிகள்! அடுத்து இன்னொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் அதே கூத்தை நடத்தின. மறுநாள் எட்டுப் பேரும் வெளியேற்றப்பட்டார்கள்.

தண்டனை நியாயமே. ஆனால் காசு வாங்கித் தோற்பது வேறு, தங்கத்துக்காகத் தோற்பது வேறு. இரண்டாவதற்கு ஆசை காட்டியது அட்டவணை.

அதே சுற்றில் பெங்களூரில் பிறந்த அஸ்வினி பொன்னப்பாவும் ஜுவாலா கட்டாவும் இரண்டு ஆட்டங்களை வென்றும், ஒரே புள்ளி வித்தியாசத்தில் காலிறுதியை இழந்தார்கள். அவர்கள் குழுவில் தைவானிடம் ஜப்பான் தோற்ற ஆட்டத்தை விசாரிக்கும்படி இந்தியா முறையிட்டது, மனு தள்ளுபடியானது. ஜப்பானியர் மேல் எந்தக் குற்றமும் நிற்கவில்லை. ஆனாலும் வேறு கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமிருக்கும் ஓர் ஆட்டம் நம் தலைவிதியை எழுதுவது கொடுமை.

இன்று அந்த ஓட்டையின் பெரும்பகுதி அடைபட்டிருக்கிறது. அதே 2012 நவம்பரில் விதி மாறியது. குழுச் சுற்று முடிந்தபின் இரண்டாமிடம் பெற்ற ஜோடிகளுக்குக் குலுக்கல். தோற்றால் யார் எதிரே வருவார் என்று கணக்குப் போட முடியாது. 2016இல் ரியோவில் அஸ்வினியும் ஜுவாலாவும் இந்த விதியின்கீழ் ஆடினார்கள்.

குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துவதையும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். 1982இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்களுக்குத் தோதான முடிவோடு ஆடி அல்ஜீரியாவை வெளியேற்றியபின், கால்பந்து உலகக் கோப்பை 1986 முதல் அப்படித்தான் நடத்துகிறது.